உள்ளே போனவன்

காலை பத்து மணி இருக்கும். அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே ஒரு மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

அவர்களோடு உட்கார்ந்திருந்த அவன் தலை நிமிரவில்லை. ரெண்டாம் நம்பர் வெட்டு மிஷின். திறக்கும்போது ஒரு இழுப்பு, மூடும்போது ஒரு அடி, நடுவில் சின்னதாய் ஒரு முனகல். பதினோரு வருஷம் அதன் வாய்க்குள் அட்டையைக் கொடுத்து எடுத்தவனுக்குத் தெரியாதா?

“உன் மச்சான்தான்யா,” என்றார் சங்கத் தலைவர். “பின்வாசல் வழியாப் போயிட்டானாம்.”

மனைவியின் தம்பி. அவனுக்கு மிஷினில் அட்டை கொடுக்கக் கற்றுக்கொடுத்ததே இவன்தான்.

போன மாதம், பெட்டிக்குப் பசை தடவும் பசைக்காரியின் புருஷனுக்கு நாலாம் நம்பரில் மூன்று விரல்கள் போயின. எல்லா மிஷினுக்கும் தடுப்புக் கம்பி வேண்டும், கை பட்டதும் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் பதினாறு நாளாக வேலைநிறுத்தம். அதை மீறி உள்ளே போகிறவர்களின் பெயரையும் பட்டத்தையும் எழுத வாசலில் ஒரு தகரப் பலகை சாத்தியிருந்தது. ஏற்கெனவே மூன்று பெயர்கள்.

பசைக்காரி பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். “இவனுக்கு என்ன எழுத? துரோகியா, கருங்காலியா?”

“ஓடுகாலின்னு போடு,” என்றான் ஒருத்தன்.

“அது வீட்ட விட்டு ஓடறவளுக்குச் சொல்றதுய்யா. இவன் உள்ளயில்ல ஓடியிருக்கான்.”

சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். “உன் சொந்தம். நீயே சொல்லு.”

அவன் காது மிஷின் பக்கமே இருந்தது. துரோகம் என்பது பெரிய வார்த்தை. அவன் நெஞ்சில் கிடந்தது அதைவிடச் சின்னது, அசிங்கமானது. அவன் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நிமிஷத்துக்குப் பதினெட்டு. தன் கையில் அது பதினாறைத் தாண்டியதில்லை. போகப் போக அந்த முனகலும் அடங்கிவிட்டது. எங்கே எண்ணெய் விட்டான்? தன் கை படாத எந்த இடுக்கைக் கண்டுபிடித்தான்?

மத்தியானம் மைத்துனன் கம்பிக் கதவின் உள்பக்கம் வந்து நின்றான். முன்கையெல்லாம் அட்டைத் தூசி.

“கோவப்படாதீங்க மாமா. என் பொண்டாட்டிக்கு எட்டு மாசம். எனக்கு வேற வழி தெரியல.”

“எண்ணெய் எங்கடா விட்ட?”

மைத்துனன் விழித்தான். “என்ன மாமா?”

“முனகல் நின்னுடுச்சே. எங்க விட்ட?”

“பின்தகட்டக் கழட்டி, அடியில...” குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கு நீங்க வந்துடுங்க. சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். மிஷின் உங்களுக்குத்தான். நான் பெட்டிக் கட்டு கட்டப் போயிடறேன்.”

கம்பிகளுக்கு நடுவே அந்தத் தூசி படிந்த கையைப் பார்த்தபடி அவன் நின்றான். வேலைநிறுத்தம் இல்லையென்றால் அது தன் கையில் இருந்திருக்க வேண்டிய தூசி. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்தகடு. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லையே.

“போடா, கருங்காலி!” என்றான் கடைசியில், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். பசைக்காரி அதையே எழுதினாள்.

இருபத்திரண்டாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. எல்லா மிஷினுக்கும் தடுப்புக் கம்பி. ஆனால் வேலைநிறுத்தத்தின்போது எந்த மிஷினில் யார் நின்றார்களோ, அதில் அவர்களே நிற்பார்கள். தகரப் பலகையில் இருக்கும் வார்த்தையை உள்ளே யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போகும்.

“உன் ஒரு மிஷினுக்காக ஒப்பந்தத்தையே விட்டுட முடியுமாப்பா?” என்று கேட்டார் தலைவர், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு.

அவனைக் கட்டு கட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து பெட்டிக்கு ஒரு கட்டு. ரெண்டாம் நம்பர் வெட்டித் தள்ளுவதுதான் அவன் மேஜைக்கு வரும்.

வேலை தொடங்கிய நாலாம் நாள் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் மைத்துனனின் கை ஒரு நொடி பிந்தியது. புதுக் கம்பி மணிக்கட்டில் இடித்தது. மிஷின் பாதி வாயோடு நின்றது.

ஆட்கள் ஓடினார்கள். மைத்துனன் கையை வெளியே இழுத்து, விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தான். ஐந்தும் இருந்தன. முகம் வெளுத்து, சிரிப்பும் அழுகையுமாக அவனைத்தான் தேடினான்.

“மாமா, பாத்தீங்களா? கம்பி காப்பாத்திடுச்சு மாமா!”

அவன் கையில் சணல் பாதி முடிச்சில் இருந்தது.

“நீ என்னய்யா வேடிக்கை பாக்கற?” என்று அதட்டினார் சூப்பர்வைசர். “கட்ட வேண்டிய பெட்டி குமிஞ்சு கிடக்கு, பாரு.”

அவன் குனிந்து சணலை இறுக்கினான். அது தன் விரல் தோலுக்குள் இறங்கியபோதும் இறுக்கிக்கொண்டே இருந்தான்.