கன்னத்துக்குள் கைதட்டல்

1986-இல், சென்னீர்குப்பம் கன்னியப்பனின் இடது கன்னத்துக்குள் முளைத்த வெள்ளைக் கட்டி, அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் கைதட்டியது. பலமாக இல்லை, முன்வரிசை மட்டும் தட்டுகிற அளவு. ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டரான அவர், புகையிலையை அதே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தொழிற்சங்கத்தின் கேட் கூட்டம், மஞ்சள் நீராட்டு, இரங்கல் கூட்டம் என்று எங்கும் யாரும் கேட்காமலே பேசி வந்தவர். அதுவரை யாரும் தட்டியதில்லை.

மனைவி குப்பம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "பூக்கோசு கணக்கா கீதுய்யா. ஆஸ்பத்திரிக்கு வா."

ஆஸ்பத்திரியில் மேலாகச் சுரண்டிப் பார்த்து, வெறும் காய்ப்பு என்றார்கள். குப்பம்மா விடவில்லை. மறுமுறை டாக்டர் வசந்தகுமாரி ஆழமாகச் சதை எடுத்தனுப்பிப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார். "ரொம்ப அபூர்வமான வகைங்க. மெதுவாத்தான் வளரும். இப்பவே வெட்டிட்டா கன்னத்துல கொஞ்சம்தான் போகும், பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது." கன்னியப்பன் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

சங்கத்தார் கட்டிக்குப் பாராட்டு விழா அறிவித்தார்கள். சுவரொட்டியில் கன்னத்தின் படம். 'கரவொலிக் கொண்டல்' என்று பட்டம். சிறப்பு விருந்தினர் தேதிதான் கிடைக்கவில்லை. கிடைத்த தேதியில் மழை, அடுத்ததில் தேர்தல்.

"வெட்டிக்கினு மேடை ஏறினா இன்னாடி மரியாதை?"

"ஏறு, ஏறு. அங்கிருந்தே பாடையில எறக்கிக்கினு வரேன்."

மூன்றாம் வருடம் விழா நடந்தது. ஏற்புரைக்குக் கட்டி இரண்டு தெரு கேட்கத் தட்டியது. அடுத்த வாரம் கன்னியப்பனால் வாயைத் திறக்கவே முடியவில்லை.

கன்னம், தாடையெலும்பு, பாதி நாக்கு என்று எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், பேச்சு போயிற்று. ஃபார்மலின் புட்டியில் மிதந்த கட்டி, ஆஸ்பத்திரியின் தலைமைப் பேராசிரியர் மேசைக்குப் போய், அவர் வாக்கியங்களுக்குத் தட்டத் தொடங்கியது. அரை மணி வகுப்பு மூன்று மணியாக நீண்டது. டெல்லி மாநாட்டுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டே போனார். நோயைக் கண்டுபிடித்தவர் தாம்தான் என்று அங்கே சொன்னபோது இன்னும் பலமாகத் தட்டியதாம்.

மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கன்னியப்பனை அந்த வகுப்பில் நிறுத்தி, முகத்தை மூடிய துண்டை விலக்குவது வழக்கமாயிற்று. பேராசிரியர் கன்னத்து ஓட்டைக்குள் குச்சியை விட்டு விளக்குவார். வாசலில் குப்பம்மா, "வாய்யா, பூந்தமல்லி பஸ்ஸு பூடும்" என்பாள். பேராசிரியரின் வாக்கியம் முடியும், புட்டி தட்டும். கன்னியப்பனும் கூடச் சேர்ந்து தட்டுவார்.