பதினாறா, பதினாலா

பதினோரு கோட்டுக்கும் கை இரண்டு அங்குலம் குட்டையாகப் போனதற்குத் தன் வீட்டுக்காரர்தான் காரணம் என்பதில் தையல்காரம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் தெருவே டிரைவர் என்று கூப்பிடும் மனிதர் அவர். நோட்டைப் பார்த்து அவர் அளவு வாசிப்பார். இவள் துணியில் கோடு போட்டு வெட்டுவாள். பல் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான முக்கால் கைக் கோட்டு அது. நோட்டில் பதினாறு, வெட்டியது பதினாலு.

பதினாறு என்றுதான் வாசித்தேன் என்று டிரைவர் சாதித்தார். வாய்க்குள்ளேயே மென்று முழுங்கினால் யாருக்குக் கேட்கும் என்றாள் இவள். டிவியை அலற விடுவது யார், மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பது யார் என்று பழைய வழக்குகளையும் கிளறினாள். மருமகள்தான் நடுவில் புகுந்து, அறுபது தாண்டியவர்களுக்குச் சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் காது பரிசோதனை நடப்பதாகச் சொல்லி, இரண்டு பேரையும் போய் வரச் சொன்னாள். அவருக்குத் துணையாகத்தான் வருவேன் என்று தையல்காரம்மா கிளம்பினாள்.

கதவைச் சாத்தினால் தெருச் சத்தமே நுழையாத சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டி, 'கீச்' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். முப்பது வருடம் என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் டிரைவருக்கு மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை. கருவி வைத்தால் சரியாகிவிடும் என்றாள் பரிசோதகப் பெண். தையல்காரம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

"நீங்களும் ஒரு தடவை உக்காருங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்தாள். வலது காதில் ஓரளவு கேட்டது. இடது காதுக்கு மாற்றியதும் ஒரே நிசப்தம். மிஷின் பழுதோ என்று பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது.

"அம்மா, நான் சத்தமே வைக்கலை. நீங்க ஏழு தடவை அமுக்கிட்டீங்க."

டிரைவர் சுவரிலிருந்த போஸ்டரைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த பெண், எதை விட்டுக் குடைவீர்கள் என்று கேட்டாள். ஊக்கு என்றாள் தையல்காரம்மா. குடையக் குடையக் குறும்பி உள்ளே போய்க் கெட்டியாகி அடைத்துவிட்டதாம். சொட்டு மருந்து கொடுத்து அடுத்த வாரம் வரச் சொன்னாள். இனி எதையும் காதில் விடக் கூடாது, வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வாரத்தில் கோட்டின் கைகளுக்கு இரண்டு அங்குல நீலப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அழகாக இருக்கிறது, இன்னும் ஆறு வேண்டும் என்றார்கள் பல் ஆஸ்பத்திரிக்காரர்கள். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்: "நீங்க பதினாறுன்னுதான் படிச்சிருப்பீங்க."

"எனக்கும் காது மந்தம்தானே, வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

அடுத்த செவ்வாய் அடைப்பு நீங்கியதும், மேஜையில் பேனா உருள்வதுகூடக் கேட்டுத் தையல்காரம்மா திடுக்கிட்டாள். டிரைவர் காதில் புதுக் கருவியோடு வாசலில் நின்றார். அவள் படியில் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்து அவர் முணுமுணுத்தார்: "மகாராணி பவனி வர்றாங்க."

"எத்தனை வருசமா இப்படிச் சொல்றீங்க?"

டிரைவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நேர்மையாகக் கணக்குப் போட்டு, ஆறேழு இருக்கும் என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.