சர்தார் பாஷா புதுசாக்கிய பூட்ஸ்

தன் மகளை உயிரோடு திருப்பி அனுப்பிய கிழவிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று சர்தார் பாஷா வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

மகள் உமைமா உக்ரைனுக்கு டாக்டர் படிக்கப் போனவள். சண்டை மூண்டதும் தப்பிக் கிளம்பிய வண்டி பாதி வழியில் நின்றுபோக, ஒரு கிராமத்தில் மாட்டிக்கொண்டாள். அந்த ஊரில் பிறந்த ஒரு கவிஞரின் வீட்டை நினைவு மியூசியமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட ஹலினா என்ற கிழவிதான் உமைமாவை நிலவறையில் ஒளித்துவைத்து, தன் பங்கு ரொட்டியையும் கொடுத்துக் காப்பாற்றினாள். கிளம்பும்போது கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கவிஞரின் பூட்ஸை எடுத்து அவள் பையில் திணித்தாள். சண்டை ஓய்ந்ததும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

ஆம்பூர் வீட்டுப் பீரோவில் அது துணி சுற்றிக் கிடந்தது. போன மழைக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று திருப்பிய ஜோடியையே புதுசாக்கி மறுபடி கப்பலேற்றிய கை. ஒரு லீவு நாளில் கம்பெனியில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த அடியைப் பிடுங்கிப் புது சோல் வைத்தார். கறுத்துப்போன உள்தோலை உரித்து மாற்றினார். விரிசலையெல்லாம் மெழுகால் அடைத்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டார். கழித்த துண்டுகள் கம்பெனிக் குப்பையோடு போயின.

உமைமா வீட்டுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஹலினா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் பேசப் பேச உமைமாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"குண்டு விழுந்து மியூசியமே எரிஞ்சுபோச்சாம்பா. ஒரு காகிதம்கூட மிச்சமில்லையாம். அவரோடதுன்னு இனிமே நம்மகிட்ட இருக்கிற பூட்ஸ் மட்டும்தானாம். ஒரு தடவ பாக்கணும்ன்றாங்க."

சர்தார் பாஷாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நீ இரு பேட்டா, நான் எடுத்தாறேன்." துண்டால் ஒருமுறை துடைத்து, போனுக்கு நேரே நீட்டினார். "எப்டி இருக்குன்னு கேளு!"

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, திருப்பிக் காட்டும்படி கையைக் காட்டினாள். அவர் திருப்பினார். ஒரு கீறல் இல்லாத சோல்.

"அந்த ஓட்டை எங்கப்பா?" என்றாள் உமைமா. "அவர கைதியாக்கி பனியில நடக்கவெச்சே இட்டுனு போனாங்க. நடந்து நடந்து விழுந்த ஓட்டை அது. உள்ள அவர் பாதம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. ஜனங்க அதைத்தான் பாக்க வருவாங்க."

"குப்பைல போட்டுட்டேன்மா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. செத்துப்போன மனுஷனை இன்னொரு தடவை கொன்றுவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிழவி திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. பூட்ஸைப் பார்த்தபடியே ஏதோ கேட்டாள்.

"இன்னா கேக்கறாங்க?"

"இனிமே இது வெறும் பூட்ஸ்தானேன்றாங்க. அவங்க பேரன் சண்டைல கிழிஞ்ச பூட்ஸோட நிக்கிறானாம். அவனுக்காவது அனுப்பச் சொல்றாங்க. சேத்துல தாங்குமான்னு கேக்கறாங்கப்பா."

தாங்காது. பாலிஷுக்கு அடியில் இருப்பது நூறு வருஷத்துத் தோல். நாலு நாள் ஈரத்தில் பிய்ந்து கையோடு வந்துவிடும். போட்ட கைக்குத் தெரியாதா? தாங்கும் என்று சொல்லித் தப்பிக்கத்தான் வாய் வந்தது. முகம் தெரியாத அந்தப் பையனின் காலை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"தாங்காதுன்னு சொல்லு."

உமைமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவரே போனைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். கிழவிக்குப் புரிந்துவிட்டது. அவள் போனை வைத்த பிறகும் அவர் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.