உமையாளுக்குக் கொடுத்த பொறுப்பு

சிவகாமசுந்தரிக்குத் தலைமையாசிரியை நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அதோடு அவள் பாடம் நடத்தும் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அப்படிக் காலியாகும் இடங்களுக்கு ஆள் பொறுக்கச் சனிக்கிழமைதோறும் மலாக்காவில் பயிற்சி வகுப்பு நடந்தது. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து இவ்வளவு தூரம் வந்தவள் அவள்; அந்த நாற்காலியை விட அவளுக்கு மனமில்லை.

வகுப்பு நடத்தியவர் விநாயகம். புது நாட்டில் பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைக்கும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பார்.

"ஒதுங்கி நிக்கிற பிள்ளை ஒன்னைப் பாருங்க. அதைப் பள்ளியோட சேர்க்க என்ன செஞ்சீங்கன்னு ஒரு மாசத்துல எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் பேரை அனுப்புவேன்" என்றார்.

அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. உமையாள் இருந்தாள். காஜா பேராங் பகுதியின் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண், ஒன்பது வயது. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் வீடுகளில் பல தலைமுறைகளாக அப்படித்தான். தமிழும் படிக்கட்டும் என்று தாய்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். கோயிலில் கேட்டுக் கேட்டுக் கடவுள் வாழ்த்து மட்டும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் வரிசையில் நின்று ஆசையாகப் பாடுவாள். அவள் உச்சரிப்பைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரித்த வாய்களை அடக்கியிருக்கலாம். அது தொல்லை பிடித்த வேலை. சிவகாமசுந்தரி சுலபமான வழியைப் பிடித்தாள். உமையாளை வரிசையிலிருந்து எடுத்து வாசலுக்கு வெளியே நிறுத்தி, பாட்டு முடிந்ததும் மணியடிக்கும் பொறுப்பைக் கொடுத்தாள். எவ்வளவு பெரிய கௌரவம் என்று தானே மெச்சிக்கொண்டாள். பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுரை மூன்று பக்கம் வந்தது.

அதைப் படிக்க வேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள், உமையாளின் தாய் நாச்சியம்மை கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வந்து நின்றாள். மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். சத்தம் போடவில்லை, மலாயில் மெதுவாகத்தான் பேசினாள்.

"எங்க கோயில்ல சாமி பாட்டு பாடும்போது யாரு வெளியே நிப்பாங்க? சாவு விழுந்த வீட்டுக்காரங்க, தீட்டு கழியிற வரைக்கும். இந்தப் பிள்ளை மூணு வாரமா வீட்டுக்கு வந்து கேக்குது, நம்ம வீட்டுல யாரு செத்துட்டாங்கன்னு."

தீட்டு சிவகாமசுந்தரிக்குத் தெரியாததா? அப்பா செத்தபோது தோட்டத்துக் கோயிலுக்கு வெளியே அவளும்தான் நின்றாள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து வரிசையில நிக்கட்டும், நாச்சியம்மை. முதல் ஆளா பாடட்டும்."

"இப்ப அவ பாடுறதில்ல டீச்சர். கோயில்லயும்."

விலகல் கடிதத்தை வாங்கிக்கொண்டு நாச்சியம்மை போய்விட்டாள்.

மறுநாள் பயிற்சி வகுப்பில் முதலில் சிவகாமசுந்தரியைத்தான் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தாள். கையில் கட்டுரை இருந்தது. வாய் அதைப் படிக்கத் தொடங்கியது, கடைசி வரி வரை படித்தது. இருபது பேரும் கை தட்டினார்கள்.

விநாயகம் நெகிழ்ந்துபோயிருந்தார். "இப்ப அந்தப் பிள்ளை எப்படிம்மா இருக்கு?"

"சந்தோஷமா இருக்கா சார்."

அவர் பேனாவைத் திறந்து அவள் பெயரை எழுதினார்.