காப்புக் கட்டிய ஊரும் நான் போட்ட சட்டமும்

1

மறைப்பானேன், ஒரு செய்தியைப் படித்த கொதிப்பில் பிறந்த கதை இது. எங்கோ ஒரு தேசத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் போடுகிறார்களாம்: அனுமதியில்லாமல் வந்தவருக்குச் சிறை, இடம் கொடுத்தவருக்கும் சிறை. அதே சட்டத்தை நம் மாநிலத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். (கதைக்குள் நான்தானே சட்டசபை. எதிர்க்கட்சி கிடையாது.)

2

'தனுஷ்கோடி மணல்திட்டில் நிலா...'

வேண்டாம். நிலாவை அடித்துவிட்டேன்.

சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவள் மகேஸ்வரி. இலங்கையிலிருந்து படகேறி வந்த வதனிக்கு வீட்டில் இடம் கொடுத்திருந்தாள். போலீசுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்துக் காட்டு முனீஸ்வரன்தான். வரப்புத் தகராறு.

“நான் போறன் அக்கா. உங்களுக்கு ஏன் கரைச்சல்?” என்றாள் வதனி.

“பேசாம இங்கன உக்காரு.”

இருவருக்கும் ஜெயில் என்று எழுதி வைத்திருந்தேன்.

3

இங்கேதான் மகேஸ்வரி எனக்கு டிமிக்கி கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. வதனியையும் வரிசையில் நிறுத்தினாள். அம்மன் முன்னால் கையை நீட்டினவளை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காப்புக் கட்டினவர் திருவிழா முடியும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது. ஒருத்தர் தாண்டினாலும் ஊருக்கே ஆகாது.

மறுநாள் ஜீப் வந்தது. குறுக்கே நின்றவர் விழாத் தலைவர். அதாவது, நம்ம முனீஸ்வரன்.

“புகார் கொடுத்ததே நீங்கதானய்யா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கொடுத்தேன் சார். அது காப்புக் கட்டுறதுக்கு முந்தி. இப்ப இந்தப் புள்ள எல்லை தாண்டுனா ஆத்தா எங்கள சும்மா விடமாட்டா.”

அவருக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் ரோட்டை அடைத்து உட்கார்ந்தார்கள்.

[சட்டத்தில் காப்புக்கு விலக்கு கிடையாது. எழுதினவன் எனக்குத் தெரியாதா? ஆனால் உட்கார்ந்தவர்களை எழுப்ப என் பேனாவால் ஆகவில்லை.]

ஜீப் காலியாகத் திரும்பியது. திருவிழா முடிவதற்குள் ராமநாதபுரத்து வக்கீல் துர்காதேவி கோர்ட்டில் கைதுக்குத் தடை வாங்கிவிட்டாள். தலையில் முளைப்பாரியோடு வதனி நடந்தபோது எழுந்த குலவையில் எனக்கே கண் கலங்கிப் போயிற்று. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

4

தடைதான், தீர்ப்பு இல்லை. வழக்கு நடக்கிறது. எழுதிப் பார்த்த ஒரு முடிவில் வதனியை முகாமுக்கு அனுப்பினேன். இன்னொன்றில் மகேஸ்வரிக்கு அபராதம். மூன்றாவதில் வதனி தானாகவே...

“எழுதுங்க, நல்லா எழுதுங்க,” என்றாள் மகேஸ்வரி. “அவள அனுப்புற மாதிரி எழுதுறதா இருந்தா, முனீஸ்வரன் மாமாவத் தாண்டி வந்து எழுதுங்க.”

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தால் இந்தாருங்கள் பேனா. அவர் ரோட்டில்தான் நிற்கிறார்.