மயக்கத்தில் இருந்தவரின் சாவி

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்டோர்கீப்பருக்குப் பூட்டு என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் "புதுசு, அழுக்காயிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நோயாளியைத் தூக்காமலே கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு நகர்த்தும் வழுக்குத் துணி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒன்றுகூட வார்டைப் பார்க்கவில்லை.

வார்டு ஆயாக்களில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பாதி போய்விட்டது. "இன்னொரு தடவை பிடிச்சுக்கிட்டா வேலையை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பூட்டிடம் கெஞ்சிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தீ ஒத்திகை வந்தது. நோயாளியாக நடிக்கக் கனமான ஆள் வேண்டும் என்றார்கள். அக்கா யோசிக்கவே இல்லை, பூட்டைக் கைகாட்டினாள். நூற்றுப்பத்து கிலோ. படுத்துக்கிடக்கிற வேலை என்றதும் அவரும் பல்லெல்லாம் தெரிய ஒத்துக்கொண்டார்.

தீயணைப்பு அதிகாரி கடிகாரத்தோடு நின்றார். "நோயாளி மயக்கத்தில இருக்கார். ஆறு நிமிஷத்துல இங்க புகை சூழ்ந்துடும். ஆரம்பிங்க."

தூக்கும்போது தலைமாட்டில் நிற்பவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும்; அங்கே நின்றவள் அக்கா. கட்டிலைச் சுற்றி நின்ற மற்ற மூன்று ஆயாக்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளோ கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, தூக்கலையா?"

"தூக்கக் கூடாதுங்க சார். வழுக்குத் துணி போட்டு நகர்த்தணும்னு சுவத்துலயே ஒட்டியிருக்கு."

"அப்ப போடுங்க."

"பீரோவுல இருக்கு. சாவி ஸ்டோர்கீப்பர்கிட்ட."

"அவர் எங்க?"

"மயக்கத்துல இருக்காருங்க."

பூட்டு ஒரு கண்ணைத் திறந்தார். அக்கா அதை விரலால் மெல்ல மூடிவிட்டாள்.

"கம்பளியில போட்டு இழுங்க."

"அதுவும் அந்தப் பீரோவுலதாங்க."

"ஆறு நிமிஷம் தாண்டினா நோயாளி இறந்துட்டார்னு எழுதிடுவேன்."

பூட்டுக்குக் குப்பென்று வேர்த்தது. ஒத்திகைதான் என்றாலும் தன் சாவு காகிதத்தில் ஏறுவதை எந்த மனுஷன் பொறுப்பான்? கண்ணை மூடியபடியே சாவிக்கொத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "பச்சைப் பீரோ, மேல் தட்டு."

துணி வந்தது. அவரை ஒருக்களித்துப் புரட்டி அடியில் செருகினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" நூற்றுப்பத்து கிலோவும் வழுக்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போய்ச் சேர்ந்தது. அக்காவின் இடுப்பு முணுமுணுக்கக்கூட இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எட்டு நிமிஷம்" என்றார் அதிகாரி. "நோயாளி இறந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு."

பூட்டு எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். "சரி சரி, சாவியைக் குடு."

அக்கா கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செத்தவருக்கு எதுக்குங்க சார் சாவி?"