குடும்பத்தோடு நடக்க ஏற்ற பாதை

எரிமலை விளிம்பில், படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ‘எளிதான பாதை. குடும்பத்தோடு நடக்க ஏற்றது.’ அதை எழுதியவனுக்குக் குடும்பம் இருந்திருக்காது. இருந்திருந்தாலும் என் குடும்பம் மாதிரி இருந்திருக்காது.

என் பெயர் ரெஜிஸ். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என் மகள் எலோடி புதன்கிழமை அவள் அம்மா சான்ட்ரினோடு பிரான்ஸுக்குப் போகிறாள், ஒரேயடியாக. நானும் சான்ட்ரினும் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளுடைய புது ஆள் ஒலிவியே பிரான்ஸில் லியோன் ஊர்க்காரன். இங்கே வேலை முடிந்து ஊர் திரும்புகிறான், இவர்களையும் கூட்டிக்கொண்டு. விடுமுறைக்கு எலோடி வருவாள் என்று பேச்சு. பேச்சுதான். எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு அவளைக் குட்டி மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். விளிம்பிலிருந்து பார்த்தால், உறைந்து கிடக்கும் கரிய எரிமலைக்குழம்புக்கு நடுவே சிவப்பாக ஒரு சின்ன மேடு தெரியும். படியிறங்கிப் போய் அதைச் சுற்றிவிட்டு ஏறி வந்துவிடலாம். சின்னப் பிள்ளைகளெல்லாம் போகிறார்கள். நான்தான் போனதில்லை. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், எத்தனையோ ஞாயிறு அந்த விளிம்புவரை வந்து, வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மலைக்குப் போவது என்றால் மலைமேல் உட்கார்ந்து சாப்பிடுவது என்று அர்த்தம். ஆக, எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில் முதல் தடவை. இனி அவளுக்கு எல்லாவற்றையும் ஒலிவியேதான் முதலில் காட்டப்போகிறான். இந்த ஒன்றையாவது நான் காட்டியதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அங்கே போவதற்கு ஒரே விதிதான். இருட்டோடு கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் கடலிலிருந்து மேகமும் ஏறிவிடும். அப்புறம் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மார்லேன் அக்கா போன் செய்தாள்.

“என்னடா, நாளைக்கு எரிமலைக்காமே?”

“உனக்கு யார் சொன்னது?”

“யார் சொன்னா என்ன? பிள்ளை சீமைக்குப் போகுது, நாங்க வழியனுப்ப வேண்டாமா? அவ என்ன உனக்கு மட்டும் பொறந்தவளா?”

“அக்கா, நாங்க நடக்கப் போறோம். சாப்பிடப் போகல.”

“நடந்தா பசிக்காதா? ரெண்டு ரொட்டித்துண்டைக் கையில குடுத்து என் மருமகளைப் பட்டினி போடலாம்னு பாக்குறியா? பேசாம போய்ப் படு. நாங்க இருட்டோட வந்துருவோம்.”

வந்தார்கள். எங்கள் தெருக் கோழிகள் கூவி முடித்து, இரைதேடப் போன பிறகு வந்தார்கள். மூன்று கார்கள். அக்கா, அவள் வீட்டுக்காரர் கிளெமான் அத்தான், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகள் கட்டியவர்கள், அத்தானின் தம்பி குடும்பம், ஒரு நாய். போர்வை சுற்றிய அண்டாவில் சோறு, இன்னொன்றில் தொத்திறைச்சிக் குழம்பு. அவரைக்கொட்டை வேகத்தான் நேரமாகிவிட்டதாம், அதனால்தான் தாமதமாம். பேருந்து கொஞ்சம் பிந்தினாலே அம்மாக்களிடம் ஏச்சு வாங்குகிறவன் நான். அவரைக்காகக் காத்திருந்தேன்.

“வேகாத அவரை வயித்துக்கு ஆகாதுடா,” என்றாள் அக்கா.

எலோடி மட்டும் இருட்டிலேயே எழுந்து, புது மலையேற்றக் காலணியின் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சான்ட்ரின் வாங்கிக்கொடுத்தது. அடிப்பள்ளங்களில் சிவப்பு மண் அப்பியிருந்தது. பள்ளி மைதானத்தில் போட்டுத் தேய்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

“பயப்படாதே. ரொம்பச் சுலபம். சின்னப் பிள்ளைங்கெல்லாம் போறாங்க,” என்றேன்.

“தெரியும்பா,” என்றாள்.

வழி நெடுக நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். மலை எப்படி வெடிக்கும், குழம்பு எப்படி ஓடும், படி எப்படி இருக்கும் என்று, பார்த்தவன் மாதிரி. நடுநடுவே பின்னால் ஹாரன் அடிப்பார்கள், நிற்பேன். பால்பண்ணைப் பக்கம் அக்கா பாலாடைக்கட்டி வாங்க இறங்கினாள். வளைவுகளில் அத்தான் தம்பியின் பெண் வாந்தி எடுத்தாள். பழைய எரிமலைப் பள்ளம் ஒன்றுக்குப் பக்கத்தில் அத்தானுக்கு ஒன்றுக்கு வந்தது. போன மனிதர் படமும் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

“அத்தான், மேகம் ஏறிடும்.”

“மேகம் எங்க போயிடப் போகுது மாப்ளே. வரும், போகும். மலை அங்கயேதான இருக்கும்.”

செம்மணல் சமவெளியை எட்டும்போதே மேகம் எங்களை முந்திக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். பரவாயில்லை, பார்க்கத்தான் முடியாது, காலால் தொட்டுவிட்டு வரலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வண்டியை நிறுத்தினதும் எலோடியின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். அத்தான் பின்னாலிருந்து, “பஸ்ஸு கிளம்பிடுச்சு டோய்,” என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. படிக்கட்டு வாசலின் இரும்புக் கதவுக்குக் காவலர் ஒருவர் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ஏறி வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து காலணியிலிருந்து மண் தட்டிக்கொண்டிருந்தது. அப்பன், ஆத்தாள், ஒரு பிள்ளை. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. அண்டா இல்லை, நாய் இல்லை.

“என்னாச்சு சார்?” என்றேன்.

“கீழ பூமி நடுங்குதாம். இப்பத்தான் உத்தரவு வந்துச்சு. யாரையும் விடக் கூடாது.”

“எப்பத் திறப்பீங்க?”

“அதை மலைகிட்டதான் கேக்கணும். ஒரு வாரமோ, ஒரு மாசமோ.”

“எங்களுக்கு ஒரு மணி நேரம் போதும் சார். என் பொண்ணு புதன்கிழமை...”

“எனக்கும் பொண்ணு இருக்கு தம்பி,” என்றவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அப்ப வெடிக்கப் போகுதா? நல்லதாப் போச்சு. நாமதான் மொத ஆளு, நல்ல இடமாப் பாத்துப் பாயை விரிப்போம்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எத்தனை நாள் அடக்கியது என்று தெரியாது, எல்லாம் வாய்வழியே வந்தது. “உன் அவரையால, உன் அண்டாவால, உன் பாலாடைக்கட்டியால,” என்று கத்தினேன். “என் பிள்ளைக்கு நான் ஒரே ஒரு இடம் காட்டணும்னு நினைச்சேன். அதுலயும் வந்து உக்காந்து தின்னுட்டீங்களேடி எல்லாருமா.” அக்காவை அதுவரை நான் ‘டி’ போட்டதில்லை. அவள் முந்தானையைச் சரிசெய்வது போலத் தோள்சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். நாய்கூட என்னை விட்டு விலகிப்போனது.

கதவுப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன். எலோடி பக்கத்தில் வந்து நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“அத்தையைத் திட்டாதப்பா. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்.”

“நீயா? ஏன்?”

“எல்லாரையும் பாக்கணும்ல. அத்தை சோறும் வேணும். போன தடவை இங்க வந்தப்ப வெறும் ரொட்டிதான்.”

“போன தடவையா?”

அவள் தன் காலணியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தச் சிவப்பு மண் எங்கள் ஊர் மைதானத்து மண் இல்லை.

“ஒலிவியே கூட்டிட்டு வந்தாரு. நானும் அம்மாவும். இருட்டுல கிளம்பினோம், அதான் மேகமே இல்ல.”

கோபம்தான் வந்தது, மறைப்பானேன். அந்த மனிதன் மேல், இருட்டோடு எழுந்திருக்கத் தெரிந்தவன் என்பதற்காக. கத்துவதற்கு அவனும் பக்கத்தில் இல்லை.

“ஏன்டா கண்ணு என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியே. நீயேதான பேசிட்டு இருந்த.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: “அப்புறம், நீ போனதில்லன்னு அத்தை சொன்னாங்க. உன்கூட வரலாம்னு நினைச்சேன்.”

தூரத்தில் அண்டாவின் போர்வையை அவிழ்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. குழம்பு வாசனை மேகத்தோடு வந்தது. எனக்குப் பசித்தது, பசித்ததற்காகவும் எரிச்சலாக இருந்தது.

எலோடி என் கையை இழுத்து எழுப்பி, பூட்டிய கதவுக்குக் கூட்டிப்போனாள். கம்பிக்குள் கையை நீட்டி, வெள்ளையாக ஒன்றுமே தெரியாத இடத்தைக் காட்டினாள்.

“இங்க இருந்து படி. நிறைய வளையும். கீழ தரையில வெள்ளைப் பெயின்ட்ல அடையாளம் வச்சிருப்பாங்க, அதுமேலயே போகணும். அப்புறம் குட்டி மலை அந்தா அங்க இருக்கு. மேல சின்னதா குழி மாதிரி இருக்கும்.”

அவள் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தேன். மேகம்தான் இருந்தது.

“அடுத்த தடவை நான் கூட்டிட்டுப் போறேன்பா,” என்றாள். “பயப்படாத. ரொம்பச் சுலபம். சின்னப் பிள்ளைங்கெல்லாம் போறாங்க.”

சரி என்றேன்.

“சோறு ஆறுது,” என்று அக்கா கத்தினாள். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் போய்ப் பார்த்தால் எனக்கும் ஒரு தட்டு போட்டு வைத்திருந்தாள், அவரை நிறைய வைத்து.